மணற்பரப்பு முதல் கைபேசி வரை

விளையாட்டின் வாயிலாகக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுதல் இக்காலத்தார் கண்ட புதுமை என்று பலரும் எண்ணுகின்றனர். கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக் குழந்தையின் கையில் கொடுத்தால், அது விரலால் எழுத்தைத் தடவிப் பழகுகிறது. சரியாகத் தடவினால் மணி ஒலிக்கிறது, விண்மீன் மின்னுகிறது. தவறினால் ஒரு பொம்மை தலையை அசைத்து, மறுபடியும் எழுதச் சொல்கிறது. இதனைக் கண்டு வியக்கும் பெரியோர், "எங்கள் காலத்தில் இவையெல்லாம் ஏது?" என்கின்றனர். இருந்தன என்பதே நம் கருத்து. உருவம் வேறு, ஆனால் விரலும் எழுத்தும் பாராட்டும் அன்றும் இருந்தன. அவ்வரலாற்றை, படித்தும் கேட்டும் அறிந்த அளவில், இம்மலரில் எழுத முற்படுகிறோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்கு அலுவலகப் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் நமக்கு இது சற்று மிகையான முயற்சிதான். ஆயினும் இவ்வாண்டு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு.

இட்டார்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை இம்மலரைப் படிப்போர்க்குத் தெரியாததன்று. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் நாள்தோறும் நம் நிலையத்தில் நின்று செல்கிறது. அதில் வந்திறங்கும் அத்தையும் பாட்டியும் பேசும் தமிழ் நம் பிள்ளைகளுக்கு நன்கு விளங்குகிறது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் வார இதழின் அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் விழிக்கின்றனர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். விளையாடும் இடத்தில் இந்தி. வீட்டில் பேச்சளவில் தமிழ். தமிழ் எழுத்தறிவுக்கென்று உள்ளது, ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நம் சங்கக் கூடத்தில் நடைபெறும் வகுப்பு ஒன்றே. மூன்றாண்டுகளுக்கு முன் முப்பது குழந்தைகள் வந்த அவ்வகுப்பிற்கு இப்போது பதினொருவர் வருகின்றனர். சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர் சிலர், "தமிழ் எழுத்துக் கற்பிக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும்போது இவ்வகுப்பு எதற்கு? கூடத்தை வேறு பணிக்குப் பயன்படுத்தலாமே" என்று முன்மொழிந்தனர். அவர்கள் தமிழில் பற்றில்லாதவர் அல்லர். அவர்களுள் இருவர் அவ்வகுப்பில் பல்லாண்டு கற்பித்தவர்கள். முடிவு, ஆண்டு விழாவுக்குப் பின் கூடும் கூட்டத்திற்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. கை தூக்குவதற்கு முன் இப்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம் என்று தோன்றியது.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம். அங்கே குழந்தை முதன்முதல் எழுதியது ஓலையில் அன்று, மணலில். தரையில் பரப்பிய மணலின்மேல் ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தை வரையச் செய்வார். வரையும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்லவேண்டும்: அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா, பின்னர்க் கானா, ஙானா. விரல் வரைய, கண் காண, வாய் சொல்ல, செவி கேட்க, ஓர் எழுத்து நான்கு வழியாக உள்ளே புகும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். பிழை இருந்த இடமே தெரியாது. செலவோ ஒரு காசும் இல்லை. எழுத்து ஓரளவு பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும்.

பாடங்களும் நினைவிற்கு இசைவாகவே அமைந்திருந்தன. ஔவையாரின் ஆத்திசூடியில் ஒவ்வோரடியும் அடுத்த எழுத்தை முதலாகக் கொண்டு வருவதால், அறமும் அகரவரிசையும் ஒருங்கே மனத்தில் பதிந்தன. எண்சுவடியில் ஒன்றுக்குக் கீழே அரை, கால், அரைக்கால், மாகாணி என்றும், மா, காணி என்றும் இறங்கி, 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பத்து வயதுப் பையன் ஒப்பிப்பான். (இன்று நம் அலுவலகத்தில் கணிப்பொறி ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் சரக்குக் கட்டணம் கணக்கிட ஆள் அகப்படுவதில்லை.) மாலையில் வீட்டிலும் கணக்கு நின்றதில்லை. பல்லாங்குழியில் காயை அள்ளிக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்லும் சிறுமி, எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனத்திற்குள்ளேயே எண்ணிப் பார்க்கிறாள். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடும் சிறுவன், தாயத்தில் விழுந்த எண்ணுக்கு எத்தனை கட்டம் என்று கூட்டுகிறான். இத்தகைய ஆட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, பாம்பும் ஏணியுமாக அந்நாட்டுக் குழந்தைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதனால் அக்காலம் பொற்காலம் என்று கூற வந்தோமில்லை. பிரம்படியும், பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் அத்திண்ணையில்தான் இருந்தன. மேலும், திண்ணையில் ஏற இடம் பெற்றவர் சிலரே. சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் கட்டளையிட்டு எடுத்த கணக்கின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண் குழந்தைகள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. இன்று ஒரு கூலித் தொழிலாளியின் மகள் தன் தாயின் கைபேசியில் எழுத்துப் பழகுகிறாள் என்றால், அக்கருவியைக் குறைவாகப் பேச நமக்கு நா எழவில்லை.

அம்மணற்பரப்பு கடல் கடந்த கதை சுவையானது. 1787-இல் இந்தியாவுக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-இல் சென்னை எழும்பூரில் தொடங்கப்பெற்ற ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளரானார். அங்குப் பயின்றோர் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை, ஆசிரியர்களுக்கோ ஆர்வமில்லை. ஒருநாள் காலையில் குதிரைமேற் செல்லும்போது, ஒரு திண்ணைப் பள்ளியில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். தம் விடுதிக்குத் திரும்பி அவ்வாறே செய்யுமாறு பணித்தார். ஆசிரியர் இசையவில்லை. உடனே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறு பிள்ளைகளுக்கு மணலில் அகரவரிசை கற்பிக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை ஆங்கிலச் சட்டை அணிந்து நின்ற வேளை அது!

பெல் தாயகம் திரும்பி 1797-இல் இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 1798-இல் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, இதனையொத்த முறையைப் பின்பற்றினார். முறையை முதலிற் கண்டவர் யார் என்று இருவர் சார்பினரும் பல்லாண்டுகள் வழக்காடினர். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவ்வழக்கில் அழைக்கப்படவில்லை. 'சென்னை முறை' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. மணல் தட்டுகள் ஆங்கிலப் பள்ளிகளில் இடம் பெற்றன. பெல் அளித்த பொருளால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்பதே பெயர்.

இங்கே ஒரு திரிபு நேர்ந்ததைக் கவனித்தல் வேண்டும். திண்ணையில் மூத்த பிள்ளை இளைய பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்தது, ஒரு தெருவில் வாழும் உறவு முறையால். இங்கிலாந்தில் அது சிக்கனத்திற்குரிய வழியாகப் போற்றப்பட்டது. ஓர் ஆசிரியரைக் கொண்டு பல நூறு பிள்ளைகளைப் படிப்பிக்கலாம், செலவு குறையும் என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. நாளடைவில், பிள்ளைகள் பொருளறியாமல் ஒப்பிக்கின்றனர் என்ற குறை எழுந்து, அம்முறை கைவிடப்பட்டது. ஆசிரியரின் செலவை மிச்சப்படுத்தவே ஒரு கருவியைக் கொள்ளும்போது நேர்வது என்ன என்பதற்கு இது முதற் சான்று. இவ்வரலாற்றில் இக்கதை மீண்டும் மீண்டும் வரக் காணலாம்.

ஐரோப்பாவில் விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு கற்பித்தல் வேறொரு வழியாகவும் வளர்ந்தது. 1759-இல் ஜான் ஜெபரீஸ் என்னும் ஆங்கிலேயர், ஐரோப்பா நாட்டுப் படத்தின்மேல் காய் நகர்த்திப் பயணம் செல்லும் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நாட்டுப் படங்களை மரப்பலகையில் ஒட்டித் துண்டு துண்டாக அறுத்து விற்றார். துண்டுகளைச் சேர்க்கும் குழந்தை நாடுகளின் இருப்பிடத்தைக் கற்றது. 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் பிரெடரிக் பிரோபெல் குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். நூற்பந்து, மர உருண்டை, கனசதுரக் கட்டைகள் ஆகியவற்றைக் குழந்தைக்குரிய 'பரிசுகள்' என்றார். 1844-இல் தாய்மார்க்கென்றே விளையாட்டுப் பாட்டு நூல் ஒன்றையும் வெளியிட்டார். கட்டையைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை வைத்து உடன் விளையாடுவோர்க்கும் பயிற்சி வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் இத்தாலிய மருத்துவர் மாரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு சனவரியில் உரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். செகென் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காட்டிய வழியைத் தழுவி அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று, மணற்காகிதத்தால் வெட்டிய எழுத்துக்கள். குழந்தை தன் விரலால் அச்சொரசொரப்பைத் தடவிக்கொண்டே எழுத்தின் ஒலியைச் சொல்லும். 1939-இல் பிரம்மஞான சங்கத்தின் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டார் என்ற காரணத்தால் அவருடைய மகன் மாரியோ சிலகாலம் காவலில் வைக்கப்பட்டார். போர்க்காலம் முழுவதும் இந்நாட்டிலேயே தங்கி, அடையாற்றிலும் கோடைக்கானலிலும் பிற இடங்களிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, 1946-இல் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். எழும்பூரிலிருந்து புறப்பட்ட மணல், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அடையாற்றுக்கு மணற்காகிதமாகத் திரும்பி வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. சென்ற தலைமுறையில் நம் காலனித் தாய்மார் சிலர் மாண்டிசோரிப் பயிற்சி பெற்றுப் பாலர் பள்ளிகளில் பணியாற்றியதை மூத்தோர் நினைவு கூர்வர்.

இனிப் பொறிகளின் காலம். 1953-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர், தம் மகளின் கணக்கு வகுப்பைக் காணச் சென்றார். விரைவாக முடித்த பிள்ளைகள் வாளாவிருந்தனர். முடியாத பிள்ளைகள் திணறினர். தம் விடை சரியா தவறா என்பதை எவரும் அப்போதே அறியக் கூடவில்லை. புறாக்களுக்குத் தானியம் கொடுத்துப் பழக்கி ஆராய்ச்சி செய்தவர் அவர். சரியான செயலுக்கு அக்கணமே பயன் கிடைத்தால்தான் பழக்கம் ஊன்றும் என்பது அவர் கொள்கை. ஆகவே 1954-இல் ஒரு கற்பிக்கும் பொறியைச் செய்து காட்டினார். சாளரத்தில் கேள்வி தோன்றும். குழந்தை விடையை அமைத்துப் பிடியைத் திருப்பும். சரியானால் அடுத்த கேள்விக்குப் பொறி நகரும். இன்று கைபேசியில் ஒலிக்கும் மணியும், சேரும் நாணயமும், ஒருநாள் தவறினால் அறுபடும் தொடர்ச்சியும் அப்பொறியின் பேரப்பிள்ளைகளே. குழந்தைகளைப் புறாக்களாக எண்ணலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. ஆனால் விடையை உடனே அறிவித்தல் நன்மை என்பதை மறுப்பார் இலர்.

1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்னும் பொறியியலறிஞர் 'பிளேட்டோ' என்ற கணிப்பொறிக் கல்வி அமைப்பைத் தொடங்கினார். 1972-இல் வந்த அதன் நான்காம் வடிவத்தில் மாணவன் திரையையே விரலால் தொட்டு விடை காட்டலாம். 1967-இல் பேப்பர்ட், பியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியைக் குழந்தைகளுக்காக ஆக்கினர். அதில் ஓர் ஆமையை முன்னே செல், வலப்பக்கம் திரும்பு என்று ஏவி, குழந்தை கோலங்கள் வரையும். கணிப்பொறி குழந்தையை ஆட்டுவிப்பதா, குழந்தை கணிப்பொறியை ஆட்டுவிப்பதா என்று பேப்பர்ட் கேட்டார். ஸ்கின்னரின் வழிக்கும் இவர் வழிக்கும் உள்ள வேறுபாடு இக்கேள்வியில் அடங்கும். இன்று ஒரு செயலி நல்லதா என்று பார்க்க விரும்பும் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வரிசையில் நமக்கு மிகவும் பிடித்தது 1971-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பிறந்த 'ஆரிகன் டிரெயில்' என்னும் ஆட்டம். ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர், மாட்டுவண்டிகளில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த மக்களின் வரலாற்றைக் கற்பிக்க விரும்பி, ஒரு நிலப்படத்தை வரைந்து காய் நகர்த்தும் ஆட்டமாக அமைத்தார். அவருடன் தங்கியிருந்த ஹைன்மன், டில்லன்பர்கர் என்னும் இரு நண்பர்கள் அதனைச் சில நாள்களில் கணிப்பொறிக்கு உரியதாக்கினர். திரை கிடையாது, பழைய தந்தி அலுவலகங்களில் இருந்ததுபோன்ற தட்டச்சுப் பொறி ஒன்றே. கையில் உள்ள பணத்தில் எவ்வளவு உணவு வாங்குவது, எருதுகளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்து தட்டினால், நேர்ந்தது என்ன என்று பொறி தாளில் அச்சிடும். வகுப்புக்குப் பொறி ஒன்றுதான். ஆகவே பிள்ளைகள் கூட்டமாக நின்று, நிலப்படம் பார்ப்பவன் ஒருவன், கணக்கு வைப்பவன் ஒருவன், விரைந்து தட்டுபவன் ஒருவன் என்று வேலையைப் பங்கிட்டுக் கொண்டனர். பொறியின் பற்றாக்குறை அவர்களைப் பேச வைத்தது. ஆளுக்கொரு கைபேசி என்று ஆனபோது அப்பேச்சு நின்றது.

நம் நாட்டிற்கு வருவோம். 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் உதவியால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வாயிலாகப் பாடங்கள் சென்றன. நாம் வாழும் மத்தியப் பிரதேசமும் அவற்றுள் ஒன்று. 1984-85-இல் மைய அரசு ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வழங்கியது. 1999-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று, தில்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்பார் தம் நிறுவனத்தின் மதிற்சுவரில் ஒரு துளை செய்து, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தொடும்படி ஒரு கணிப்பொறியைப் பொருத்தினார். ஆசிரியர் இல்லாமலே பிள்ளைகள் அதனை இயக்கக் கற்றனர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அங்கு நடந்தது என்ன? ஒருவன் கண்டதை மற்றவனுக்குச் சொன்னான். பெரியவன் சிறியவனுக்குக் காட்டினான். சட்டாம்பிள்ளை மறுபடியும் வந்துவிட்டான்! பின்னர் இமயமலைப் பகுதியில் நிறுவப்பட்ட இத்தகைய பெட்டிகளுள் சில, கவனிப்பாரின்றிப் பழுதாகிக் கிடந்ததையும் ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

2008-இல் ஆப்பிள், கூகிள் ஆகிய இரு நிறுவனங்களும் கைபேசிச் செயலிகளுக்கென அங்காடிகள் திறந்தன. 2016-இல் நம் நாட்டில் இணையக் கட்டணம் மிகவும் குறைந்தது. அதே ஆண்டில் ரயில் நிலையங்களில் இலவச இணைய வசதியும் வரத் தொடங்கியது. எர்ணாகுளம் நிலையத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், செவியில் கருவியை மாட்டிக்கொண்டு சுமையோடு நடந்தபடியே பாடம் கேட்டு, 2018-இல் கேரள அரசுத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார் என்ற செய்தியை நம் அலுவலகத்தில் படிக்காதவர் இலர். 2015-இல் செயலி வெளியிட்ட பைஜூஸ் நிறுவனம், 2019-இல் இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையிலேயே பெயர் பொறிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைபேசியே வகுப்பறையாயிற்று. 2024 சூலையில் அதே நிறுவனம் கடன் தீர்க்க இயலாத நிலையில் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. ஏற்றமும் இறக்கமும் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்கு வரும் காலத்திற்குள் முடிந்துவிட்டன.

இரண்டு சோதனைகளை மட்டும் விரிவாகக் கூறவேண்டும். பொதுக்குழுவின் கேள்விக்கு அவையே நெருங்கியவை. 2014-இல் அறிவிக்கப்பட்ட உலகக் கல்விப் போட்டி ஒன்றில், ஆசிரியர் துணையின்றியே குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் செயலிக்குப் பெரும் பரிசு வைத்தனர். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் தாங்கா பகுதியில், ஏறத்தாழ 170 கிராமங்களில் உள்ள குழந்தைகளுக்குப் பலகைக் கணிப்பொறிகளைக் கொடுத்தனர். அவர்களுள் பலர் பள்ளியையே காணாதவர். நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் தம் சுவாஹிலி மொழியில் ஒரு சொல்லும் படிக்க அறியாதவர். பதினைந்து மாதங்களுக்குப் பின் அத்தொகை பாதியாகக் குறைந்தது. 2019 மே மாதத்தில் 'கிட்கிட் ஸ்கூல்', 'ஒன்பில்லியன்' என்னும் இரு குழுவினர் ஒரு கோடி டாலர் பரிசைப் பங்கிட்டுக் கொண்டனர். பள்ளியே இல்லாத இடத்தில் இது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மறுபாதிக் குழந்தைகள் பதினைந்து மாதங்கள் கழிந்தும் ஒரு சொல்லும் படிக்கவில்லை என்பதும் அதே கணக்கில்தான் உள்ளது. மேலும், ஆசிரியர் இல்லை என்றாலும், கிராமந்தோறும் கருவிகளுக்குச் சூரிய மின்சாரம் ஏற்றிக் கொடுத்துக் குழந்தைகளைக் கவனிக்க ஊர்த் தாய் ஒருத்தி அமர்த்தப்பட்டிருந்தாள்.

மற்றொன்று நம் நாட்டுச் சோதனை. கூகிள் நிறுவனம் 2019 மார்ச்சில் 'போலோ' என்னும் வாசிப்புச் செயலியை வெளியிட்டது. குழந்தை கதையை உரக்கப் படிக்கும்; தியா என்னும் சிறுமிப் பொம்மை செவிமடுத்துப் பிழை திருத்தும். உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 200 கிராமங்களில் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தபோது, மூன்று மாதங்களில் 64 விழுக்காட்டினர் வாசிப்பில் முன்னேறினர் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2020-இல் அது 'ரீட் அலாங்' என்ற பெயரோடு தமிழையும் சேர்த்துக் கொண்டது. ஆனால் கருவி கையில் இருப்பது வேறு, கற்பதற்குப் பயன்படுவது வேறு. நாட்டின் கிராமப்புறங்களில் ஆண்டுதோறும் கல்வி நிலையை அளக்கும் 'ஏசர்' அறிக்கை 2024-இல் 14 முதல் 16 வயது வரையுள்ளோரைக் கேட்டது. கைபேசி இயக்கத் தெரிந்தோருள், முந்தின வாரத்தில் படிப்புக்காக அதனைத் தொட்டவர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்திற்காகத் தொட்டவர் 76 விழுக்காடு. நம் காலனியில் தனியே கணக்கெடுத்தால் தொகை வேறாக இருக்கும் என்று நாம் நம்பவில்லை.

தமிழுக்கு வருவோம். 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், மழலையர்க்கெனப் பாட்டும் கதையும் எழுத்தும் கொண்ட பாடங்களை இணையத்தில் ஏற்றியது. வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் வாழும் நம் போன்றோரை எண்ணிச் செய்த பணி அது. 2018-இல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கைபேசியால் படிக்கத்தக்க குறியீடுகள் அச்சிடப்பட்டன. தனியார் செய்த தமிழ் எழுத்துச் செயலிகளும் பல உள. அவற்றுள் மூன்றை நம் காலனிக் குழந்தைகள் சிலர் பயன்படுத்துவதை இவ்வாண்டு அருகிலிருந்து பார்த்தோம், பெயர் சொல்லவேண்டா. உயிரெழுத்துப் பன்னிரண்டும் அவர்களுக்கு விரைவில் வந்துவிட்டன. வகுப்பில் ஒரு மாதம் எடுக்கும் பாடம் ஒரு வாரத்தில் முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். இடர்ப்பாடு உயிர்மெய்யில் தொடங்கிற்று.

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, 'கொ' என்பதில் கொம்பு ஏன் முன்னே நிற்கிறது, ஒலி ஏன் பின்னே வருகிறது என்று கேட்டாள். செயலியில் அதற்கு விடை இல்லை. சரியாகத் தடவினால் விண்மீன் உண்டு. பக்கத்தில் இருந்த அவளுடைய அத்தை, "இந்தியில் 'கி' எழுதும்போது குறியை முன்னே போட்டுவிட்டுப் பின்னால்தானே சொல்கிறாய்?" என்றார். குழந்தைக்கு அக்கணமே விளங்கிவிட்டது. அச்செயலியை ஆக்கியோர் தமிழ்நாட்டுக் குழந்தையை எண்ணி ஆக்கினர். தேவநாகரியை முதலில் கற்று, அதன் வழியாகத் தமிழுக்கு வரும் குழந்தையை அவர்கள் கண்டதில்லை. மற்றொரு சிறுவன், இந்தியில் நான்கு ககரம் இருக்கத் தமிழில் ஒன்றே ஏன் என்று கேட்டான். 'கல்' என்பதிலும் 'பக்கம்' என்பதிலும் அது வன்மையாக ஒலிக்கிறது. 'தங்கம்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் மென்மையாக ஒலிக்கிறது. இடம் நோக்கி ஒலி மாறும் என்பதை நான்கு சொற்களில் வாயால் சொல்லிக் காட்டிவிடலாம். நாம் பார்த்த மூன்றிலும் அது இல்லை. பாட்டியின் பழைய புத்தகத்தில் 'லை', 'னை', 'றா' முதலியன வேறு வடிவத்தில் இருப்பதைக் கண்டு இது தமிழ்தானா என்று மயங்கிய பிள்ளைகளும் உண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்த செய்தியை வீட்டில் ஒருவர்தாம் சொல்லவேண்டும்.

குழந்தைகளின் வயதையும் பார்க்கவேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, குறைந்தால் இன்னும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நாள்களில் நம் வீடுகளில் இக்கணக்கு எவ்வாறு நடக்கிறது என்பதை எழுதினால் பலர் வருந்துவர், விடுவோம்.

ஆகவே நாம் வகுப்பை நிறுத்தலாகாது என்போர் பக்கம். கைபேசியை விலக்கவேண்டும் என்போர் பக்கம் அல்லோம். செயலி செய்யும் வேலையைச் செயலிக்கே விட்டுவிடலாம். உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் பிள்ளைகள் வாரநாள்களில் வீட்டிலேயே பழகட்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உயிர்மெய்யும், உரக்கப் படித்தலும், கேள்விக்கு விடை சொல்லுதலும் நடக்கட்டும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி நடுவில் வைத்து, பன்னிரண்டு வயது நிரம்பிய ஒருவரை அக்கூட்டத்திற்குச் சட்டாம்பிள்ளையாக்கலாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்கள் மூவர் இதற்கு இசைந்துள்ளனர். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு மணல் தட்டு நான்கு செய்து தருவதாகத் தச்சுவேலை தெரிந்த உறுப்பினர் ஒருவர் கூறியுள்ளார். நருமதை மணல் ஒரு வாளி போதும்.

பெரியவர்களுள் மாதம் இரண்டு ஞாயிறு வரக்கூடியவர் நால்வர் தேவை. மாற்றுப் பணி முறையில் உள்ளோர்க்கு இது கடினம் என்பதை அறிவோம். ஆதலால் ஓய்வு பெற்றோரும் இல்லத்தரசியரும் முன்வரவேண்டுகிறோம். இதுவரை இருவர் பெயர் கொடுத்துள்ளனர். பொதுக்குழு, விழாவுக்கு அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறது. அதற்குள் பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடமோ, சரக்கு அலுவலகத்தில் நம்மிடமோ தெரிவிக்கலாம்.